விசையை இடம் மாற்றினால் குறியீடு கூடவே வராது

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜிட் இந்தியா பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் கல்லா மேசை இப்போது பெரும்பாலும் தொடுதிரைதான். திரையில் குறை ஒன்றுமில்லை. கூட்ட நேரத்தில்தான் சிக்கல்: கண் ஆர்டர் சீட்டில் இருக்க வேண்டும், திரையோ கண்ணைத் தன் பக்கம் இழுக்கும். எண்ணெய்க் கை பட்டால் வேறு எதையாவது பதிந்து வைக்கும். பக்கத்தில் இருபது விசை கொண்ட சின்னக் கீபேட் ஒன்று இருந்தால் தே தாரிக், ரொட்டி சானாய், தோசை எல்லாவற்றையும் பார்க்காமலே தட்டலாம். மொழிபெயர்ப்பு, வசன வரி, பக்க வடிவமைப்பு என்று மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலைகளுக்கும் இதே கீபேட் உதவும். அதில் தமிழுக்கென்று தனிச் சிக்கல் உண்டு, பின்னால் வருகிறேன்.

"விசைகளை இஷ்டப்படி இடம் மாற்றலாம்" என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதை வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: மாறுவது எது? ஒரு விசையில் மூன்று சமாசாரங்கள் இருக்கின்றன. மேலே பெயர் போட்ட மூடி, அதற்குக் கீழே சுவிட்ச், கீபேடின் நினைவகத்தில் அந்த இடத்துக்கென்று எழுதப்பட்ட குறியீடு. கிட்டத்தட்ட எல்லாக் கீபேடுகளிலும் குறியீடு இடத்தோடு ஒட்டியது. மூடியையும் சுவிட்சையும் பிடுங்கி வேறு குழியில் செருகினாலும் அந்தக் குழியின் பழைய குறியீடுதான் போகும். 2000களின் நடுவில் வந்த எர்கோடெக்ஸ் டிஎக்ஸ்1 இதற்கு விலக்கு. அதில் மின்கலம் இல்லாத தனித்தனி விசைகளைத் தட்டின்மேல் எங்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். எந்த விசை எது என்று தட்டுக்குத் தெரியும், அதனால் விசையோடு வேலையும் நகரும். அருமையான யோசனை, ஆனால் இன்று அதை நம்பி ஒரு கடையில் வைக்க முடியாது.

கடையில் கிடைப்பவை மூன்று வகை. முதலாவது, பி.ஐ. என்ஜினியரிங்கின் எக்ஸ்-கீஸ், ஜெர்மனியின் ப்ரேகீடெக் போன்றவை. பெயர்ச்சீட்டு செருகும் மூடிகள், இரண்டு இடத்தை அடைக்கும் பெரிய மூடிகள், விற்பனை மென்பொருளோடு ஒத்துப்போகும் வசதி எல்லாம் தயாராக இருக்கும், விலைதான் கடிக்கும். இரண்டாவது, சுவிட்சைக் கழற்றி மாட்டக்கூடிய குழிகளும், கீபேடுக்குள்ளேயே ஓடும் க்யூஎம்கே என்ற திறந்த மென்பொருளும் உள்ள கீபேடுகள். வயா அல்லது வயல் என்ற செயலி வழியாக இவற்றின் குறியீட்டை மாற்றலாம். மூன்றாவது, ஷோப்பி, லாசாடா போன்ற இணையக் கடைகளில் மூன்று விசை, ஒரு குமிழ் என்று மலிவாக வருபவை. இவற்றில் பல சிஎச்552 வகைச் சில்லில் ஓடுகின்றன. க்யூஎம்கே ஓடாது, விற்பவர் தரும் விண்டோஸ் செயலியை நம்பித்தான் இருக்க வேண்டும். "வயா வேலை செய்யுமா?" என்று விற்பவரிடம் கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு காசு கட்டுங்கள். "புரோகிராம் பண்ணலாம்" என்ற பதில் போதாது.

என் ஓட்டு இரண்டாவது வகைக்கு. சொந்தமாகச் செய்வதென்றாலும் பாகங்கள் அதிகமில்லை: ராஸ்பெரி பை பிக்கோ என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்று, எம்எக்ஸ் வகைச் சுவிட்ச் 20, குழி 20, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் 1என்4148 டயோடு 20, 1.5 மில்லிமீட்டர் தகடு ஒன்று, பெயர்ச்சீட்டு மூடி 20. டயோடு 25 ஆக வாங்குங்கள், கால் முறிவது சகஜம். புடு பகுதியில் ஜாலான் பாசாரில் டயோடும் கம்பியும் கிடைக்கும். சுவிட்சையும் மூடியையும் பெரும்பாலும் இணையத்தில்தான் தேட வேண்டும். தகட்டில் ஒவ்வொரு துளையும் 14 மில்லிமீட்டர் சதுரம். ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு 19.05 மில்லிமீட்டர்.

4 வரிசை, 5 நிரல் (மேலிருந்து கீழ் ஓடும் வரிசை) என்று கோர்த்தால் 20 விசைக்கு 9 கால் போதும். பிக்கோவில் இதற்குப் பயன்படும் கால் 26 இருக்கின்றன. ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு டயோடு கட்டாயம். அது இல்லாவிட்டால், ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளைச் சேர்த்து அழுத்தும்போது நான்காம் மூலையும் அழுத்தப்பட்டதாகக் கணினி நினைக்கும். கல்லாவில் அது கேட்காத ஒரு முட்டை ரொட்டி. நிரலிலிருந்து வரிசைக்கு மின்சாரம் ஓடுவதாக அமைப்பில் எழுதியிருந்தால் டயோடின் கறுப்புக் கோடு வரிசைக் கம்பியைப் பார்த்து இருக்க வேண்டும். எல்லாவற்றையும் தலைகீழாக வைத்துவிட்டால் பிடுங்க வேண்டியதில்லை, அமைப்புக் கோப்பில் திசையை மாற்றினால் போதும். ஒன்றிரண்டு மட்டும் தலைகீழ் என்றால் அவற்றைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும்.

பிக்கோவில் மென்பொருள் ஏற்றுவது எளிது: பூட்செல் பொத்தானை அழுத்திக்கொண்டே யூஎஸ்பி செருகினால் கணினியில் ஒரு வட்டு தோன்றும், யூஎஃப்2 கோப்பை அதில் போட்டால் முடிந்தது. பழைய ப்ரோ மைக்ரோ பலகையும் ஓடும், ஆனால் அதன் யூஎஸ்பி வாய் பலகையிலிருந்து பெயர்ந்துவரும், நினைவகமும் சின்னது. சொந்தப் பலகைக்கு வயாவைவிட வயல் சுலபம். வயாவில் பலகையின் வரைபடக் கோப்பைத் தனியே ஏற்றிக் காட்ட வேண்டும், வயலில் அது கீபேடுக்குள்ளேயே இருக்கும். இரண்டும் உலாவியில் ஓடும். குரோம் அல்லது எட்ஜ் வேண்டும், ஃபயர்ஃபாக்ஸில் கீபேட் தெரியாது. குரோமிலும் தெரியவில்லையென்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். மின்னேற்றத்துக்கு மட்டுமான கேபிள்தான் பாதி நேரம் குற்றவாளி. மலிவுப் பலகைகள் சில, இரு முனையும் சி வகையான கேபிளில் உயிர் பெறாது, ஏ-யிலிருந்து சி-க்குப் போகும் கேபிளில் உடனே விழிக்கும். பலகையில் இருக்க வேண்டிய இரண்டு சின்ன மின்தடைகளை விட்டுவிட்டதால் வரும் கோளாறு அது.

இனி அமைப்பு. எந்த விசை எங்கே என்று தீர்மானிக்கும் வேலையைக் கீபேட் கைக்கு வந்த பிறகு தொடங்குபவர்கள்தான் அதிகம். அதற்கு முன்பே தொடங்கலாம். விற்பனை மென்பொருளில் பொருள்வாரி அறிக்கை இருக்கும்; ஒரு வாரத்துக்கு எடுத்து, விலையை மறந்து, எண்ணிக்கையை மட்டும் வரிசைப்படுத்துங்கள். மேலே வருபவை பெரும்பாலும் பானங்களாகத்தான் இருக்கும். பிறகு காசுப் பெட்டி எந்தப் பக்கம் என்று பாருங்கள். வலக்கை காசு வாங்கினால் கீபேட் இடப்பக்கம், அப்போது இடக்கை ஆள்காட்டி விரல் இயல்பாக விழும் இடமே முதல் இடம். அதிகம் விற்பதை அங்கே வையுங்கள், அந்த மூடியில் மட்டும் தடவினால் தெரியும் சின்ன மேடு இருக்கட்டும். அகர வரிசை வேண்டவே வேண்டாம். மெனு அட்டையின் வரிசையும் வேண்டாம், அது சாப்பிட வருபவருக்காகப் போட்டது.

கூராங் மானிஸ் (இனிப்புக் குறைவு), ஐஸ், பூங்குஸ் (பொட்டலம்) போன்ற ஒட்டுக் குறிப்புகள் எல்லாம் ஒரே நிரலில், ஓரத்தில் இருக்க வேண்டும். பல மென்பொருள்களில் பொருளைத் தட்டிய பிறகே குறிப்பைத் தட்ட முடியும். ஆகவே விரல் உள்ளிருந்து ஓரத்துக்குப் போவது இயல்பாக அமையும். ரொக்கத்துக்கும் டியூட்நவ் க்யூஆருக்கும் தனித்தனி விசை கொடுங்கள். மலேசியாவில் 5 சென்னுக்கு முழுமையாக்குவது ரொக்கத்துக்கு மட்டுமே: ரிங்கிட் 12.37 ரொக்கத்தில் 12.35 ஆகும், 12.38 என்றால் 12.40. க்யூஆரில் கட்டினால் 12.37 அப்படியே போகும். இரண்டுக்கும் ஒரே விசை வைத்துவிட்டுப் பிறகு திரையில் தேர்வு செய்வது, கணக்கு முடிக்கும்போது சென் கணக்கில் இழுபறியைக் கொண்டுவரும்.

ரத்து விசை பணம் கட்டும் விசைக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. எதிர் மூலையில் வைத்தாலும் போதாது. தட்டினால் ஒன்றும் நடக்காமல், அழுத்திப் பிடித்தால் மட்டும் ரத்தாகும்படி செய்யுங்கள். வயலில் டேப் டான்ஸ் என்ற பகுதியில் அது இருக்கிறது. வழக்கமான எல்லை 200 மில்லிவினாடி. ரத்துக்கு 400 அல்லது 500 வையுங்கள். அந்த ஒரு குழியில் கனமான சுவிட்சைப் போட்டால் விரலுக்கும் புரியும்.

இருபதில் மூன்றையாவது காலியாக விடுங்கள். புரட்டாசி வந்தால் சைவம் மேலே ஏறும், கோழிக் கறி கீழே இறங்கும். காலி விசை இல்லையென்றால் புதுப் பொருளுக்கு இடம் இல்லாமல் அந்த மாதத்தில் எல்லாவற்றையும் கலைக்க வேண்டிவரும். காலி இடத்தில் எழுத்தில்லாத மூடி, குறியீடு 'எதுவுமில்லை'. இங்கே கவனம்: வயாவிலும் வயலிலும் 'எதுவுமில்லை' வேறு, 'ஊடுருவும்' விசை வேறு. ஒரே விசைகளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் குறியீட்டுத் தொகுதிகளை அடுக்கு என்பார்கள்; ஊடுருவும் விசையை மேல் அடுக்கில் வைத்தால் கீழ் அடுக்கில் அதே இடத்தில் இருப்பது வேலை செய்யும். கீழே ரத்து இருந்தால் மேலேயும் ரத்துதான்.

அடுக்குகளைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். காலைக்கு ஓர் அடுக்கு, மதிய வாழையிலைச் சாப்பாட்டுக்கு ஓர் அடுக்கு என்று நான்கு வரை வைக்கலாம். கல்லாவுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. மூடியில் எழுதியிருப்பது ஒன்றே ஒன்று. இரண்டாம் அடுக்கில் அது பொய் சொல்லும். ஆள் மாறும் இடத்தில், அடுக்கு மாறியிருப்பதை அடுத்தவர் எப்படி அறிவார்? தனி ஆளின் மேசைக்கு அடுக்குகள் பரவாயில்லை.

குறியீடு எழுதும்போது எளிமையானது எண் வழி. ஒவ்வொரு பொருளுக்கும் மென்பொருளில் ஓர் எண் இருக்கும். விசையின் மேக்ரோ (ஒரே தட்டில் பல விசைகளை வரிசையாக அனுப்பும் பதிவு) அந்த எண்ணையும் பிறகு என்டரையும் அனுப்பும். இரண்டு இடங்களில் இது சறுக்கும். ஒன்று வேகம்: கீபேட் கண் சிமிட்டுவதற்குள் நான்கு விசையை அனுப்பிவிடும், பழைய விற்பனை மென்பொருள் நடுவில் ஒரு இலக்கத்தைத் தவறவிட்டு 101க்குப் பதில் 11 என்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு இலக்கத்துக்கும் இடையே 20 முதல் 50 மில்லிவினாடி இடைவெளி போடுங்கள். இன்னொன்று நம்லாக்: மேக்ரோவில் எண்பலகையின் இலக்கங்களைப் பயன்படுத்தினால், நம்லாக் அணைந்திருக்கும்போது அவை அம்பு விசைகளாகிவிடும். மேல் வரிசை இலக்கங்களையே பயன்படுத்துங்கள்.

வயாவில் வழக்கமாக 16 மேக்ரோதான் இருக்கும். பொருள் அதற்குமேல் போனால் வேறு வழி: எஃப்13 முதல் எஃப்24 வரையுள்ள விசைகள். சாதாரண விசைப்பலகையில் இவை இல்லை, ஆகவே எதோடும் மோதாது. விண்டோஸுக்கோ இவை நன்றாகத் தெரியும். தனியாக 12, ஷிப்ட், கண்ட்ரோல், ஆல்ட் ஒவ்வொன்றோடும் 12, ஆக 48 தனித்தனிச் சமிக்ஞை. விற்பனை மென்பொருளில் குறுக்குவிசை ஒதுக்க இடமிருந்தால் நேரே கொடுத்துவிடலாம். இல்லையென்றால் நடுவில் ஆட்டோஹாட்கீ, அதாவது விசை தட்டுவதைப் பிடித்து நாம் சொன்னதைச் செய்யும் விண்டோஸ் மென்பொருள்.

தமிழுக்கு இந்த எஃப்13 வழிதான் ராஜபாட்டை. காரணம் இது: விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை, இன்ன விசை அழுத்தப்பட்டது என்று மட்டுமே அனுப்புகிறது. அது எந்த எழுத்து என்பதைக் கணினியின் உள்ளீட்டு முறை தீர்மானிக்கிறது. ஆகவே மேக்ரோவில் "நன்றி" என்று தமிழில் நேரே எழுத முடியாது. ஆங்கில எழுத்தில் எழுதி, ஒலிவழி உள்ளீடான அஞ்சல் முறை அதைத் தமிழாக்கும் என்று நம்பினால், கணினி தமிழ்99 விசை அமைப்பில் இருக்கும் நாளில் குப்பை வரும். ஆங்கிலத்தில் இருக்கும் நாளில் ஆங்கிலமே வரும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் பழகிய கைகளும் தமிழ்99இல் பழகிய கைகளும் ஒரே கணினியைப் பகிரும் அலுவலகம் இங்கே அபூர்வமில்லை.

க்யூஎம்கேயில் யூனிகோட் வசதி உண்டு. விண்டோஸில் வின்கம்போஸ் நிறுவ வேண்டும், லினக்ஸில் ஐபஸ், மேக்கில் யூனிகோட் ஹெக்ஸ் உள்ளீடு தேர்வாகியிருக்க வேண்டும். இவை எல்லாமே எழுத்தின் எண்ணைப் பதினாறடிமான முறையில் (0 முதல் 9, ஏ முதல் எஃப்) தட்டித்தான் வேலை செய்கின்றன. தமிழின் இடமோ 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. எல்லாத் தமிழ் எழுத்திலும் அந்த 'பி' வரும். தமிழ் உள்ளீடு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த 'பி' தானே ஒரு தமிழ் எழுத்தாக மாறிக் கதையைக் கெடுக்கக்கூடும். மேக்கில் இன்னும் கடினம்: ஹெக்ஸ் உள்ளீட்டைத் தேர்ந்தால் தமிழ் உள்ளீட்டை விட்டுவிட வேண்டும். அதோடு நம் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது கணினிக்குப் பல: க்ஷ மூன்று குறியீடு, ஸ்ரீ நான்கு. ஒற்றைக் குறியீடு அனுப்பும் விசை இவற்றுக்கு ஆகாது, சரமாக அனுப்ப வேண்டும்.

ஆட்டோஹாட்கீ உள்ளீட்டு முறையைத் தொடாமல் யூனிகோட் எழுத்தையே நேரே கொடுத்துவிடும். கீபேட் எஃப்13 அனுப்பும், கணினியில் ஓடும் ஆட்டோஹாட்கீ அதைப் பார்த்து "மொழிபெயர்ப்பாளர் குறிப்பு:" என்று எழுதும். இரண்டாம் பதிப்பைப் பயன்படுத்துங்கள். அது கட்டளைக் கோப்பை யூடிஎஃப்-8 என்றே வாசிக்கும். முதல் பதிப்பில் கோப்பைத் தொடக்கக் குறியோடு சேமிக்காவிட்டால் தமிழ் முழுக்கப் பிசகும். பக்க வடிவமைப்பவர்களுக்கு நான் முதலில் ஒதுக்கச் சொல்வது மூன்று: உள்ளீட்டு முறை மாற்றம், ஸ்ரீ, மற்றும் க்ஷ சேராமல் தடுக்கும் அகலமில்லாப் பிரிப்பான் எழுத்து. கடைசியானது கண்ணுக்கே தெரியாது, சாதாரண விசைப்பலகையில் தேடினாலும் எளிதில் கிடைக்காது. கீபேடில் ஒரு விசையாக இருந்தால் நிம்மதி.

பெயர்ச்சீட்டு. மூடி இரண்டு துண்டாகப் பிரியும், நடுவில் தாள். அளவு மூடிக்கு மூடி மாறும். கேலிப்பரில் அளந்து அரை மில்லிமீட்டர் குறைத்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் மேல் மூடி சரியாகப் பூட்டாமல் கூட்ட நேரத்தில் பறக்கும். இங்க்ஜெட் அச்சு நம்மூர் ஈரத்தில் ஊறும், லேசர் அச்சே நல்லது. தமிழ் எழுத்தைத் தடிமனாகப் போட்டால் சின்ன அளவில் ண, ஊ, ணை ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுவிடும். சாதாரணத் தடிமனில் 8 அல்லது 9 புள்ளி, இரண்டு வரி. சொல்லைச் சுருக்குங்கள்: 'தே தா', 'ரொ சா', 'கூ மா'. பானம் ஒரு நிறத் தாள், பலகாரம் ஒரு நிறத் தாள் என்று பிரித்தால் தமிழ் வாசிக்காத ஊழியருக்கும் வழி தெரியும்.

இனி இடம் மாற்றும் வேளை. ஒவ்வொரு குழிக்கும் வரிசை, நிரல் என்று இரண்டு இலக்க எண் கொடுங்கள்: மேல் இடப்பக்கம் 11, கீழ் வலப்பக்கம் 45. ஒரு தாளில் எண், பொருள், குறியீடு மூன்றையும் எழுதி மேசைக்கு அடியில் ஒட்டுங்கள். மாற்றும்போது முதலில் வயலில் குறியீடு, பிறகு நோட்பேடில் தட்டிச் சோதனை, கடைசியாக மூடி. சுவிட்சைத் தொட வேண்டியதில்லை, ரத்து போலக் கனமான சுவிட்ச் இருந்தால் மட்டும் அதுவும் நகர வேண்டும். ஒரு தடவையில் ஒரு ஜோடியை மட்டும் மாற்றுங்கள், கை பழகச் சில நாள் விடுங்கள். அதிகம் விற்கும் முதல் நான்கு எந்தக் காலத்திலும் நகரக்கூடாது. இரண்டு இடத்தை அடைக்கும் பெரிய மூடியை எக்ஸ்-கீஸ் வகையில் போட்டால், கீழேயுள்ள இரண்டு இடத்தில் ஒன்றுக்கு மட்டும் குறியீடு கொடுங்கள். இரண்டிலும் இருந்தால் ஒரு தடவை தட்டியதற்குப் பில்லில் அதே பொருள் இரண்டு முறை ஏறலாம். எம்எக்ஸ் பலகையில் பெரிய மூடிக்கான குழி நடுவில் இருக்க வேண்டும் என்பதால் அதை இஷ்டப்படி நகர்த்த முடியாது. நகர்வது ஒற்றை மூடிகள் மட்டுமே.

சுவிட்சைக் குழியில் செருகும்போது இரண்டு கால்களும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, பலகையின் பின்பக்கத்தை விரலால் தாங்கிக்கொண்டு அழுத்துங்கள். தாங்காமல் அழுத்தினால் குழி பலகையிலிருந்து பெயரும். ஒரு விசை மட்டும் செத்திருந்தால் மடங்கிய கால் அல்லது அந்த டயோடு. ஒரு நிரல் முழுக்கச் செத்திருந்தால் அந்தக் கம்பி. ஒரு விசை இரண்டு முறை பதிந்தால் சுவிட்சின் தொடுமுனை துள்ளுகிறது. துள்ளலைப் பொருட்படுத்தாமல் விடும் வழக்கமான 5 மில்லிவினாடி வடிப்பை (டிபவுன்ஸ்) 10 ஆக்கிப் பாருங்கள், நிற்காவிட்டால் சுவிட்சை மாற்றுங்கள். தே தாரிக் கொட்டிய சுவிட்சைக் கழுவிப் பார்க்க நேரம் வீணாக்க வேண்டாம். பால் காய்ந்தால் தண்டு ஒட்டிக்கொள்ளும். யூஎஸ்பியைப் பிடுங்கி, அந்தச் சுவிட்சைக் கழற்றி, குழியை 99% ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிட்டு, புதியதைச் செருகுங்கள். உபரியாக மூன்று சுவிட்சும் மூடி பிடுங்கும் கம்பியும் வயலில் சேமித்த அமைப்புக் கோப்பு உள்ள யூஎஸ்பி குச்சியும் காசுப் பெட்டிக்குள்ளேயே ஓர் உறையில் இருக்கட்டும்.